பெரட்டுக்களத்தில் விழுங்கிய மாத்திரைகள்

நான் மாத்திரையைத் துப்பவில்லை. இதை முதலில் எழுதிவிட்டுத்தான் மற்றதை எழுதுவேன். துப்பவில்லை, ஒளிக்கவில்லை, ஒருநாளும் மறக்கவில்லை. என்னைப் பற்றி வேறு என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளுங்கள். வாய்க்காரி என்பார்கள், அது உண்மை. கோபக்காரி என்பார்கள், அதுவும் உண்மை. மாத்திரையைத் துப்பிய சரோஜா என்று மட்டும் யாரும் சொல்ல வேண்டாம்.

இப்போது உடம்பு தேறிவிட்டது. வலது நுரையீரலின் மேல்பாதி இனி வேலைக்கு ஆகாது. இடது காதில் எந்நேரமும் ஒரு ரீங்காரம். கோயிலுக்கு ஏறும் படியில் பாதியிலேயே உட்கார்ந்துவிடுகிறேன். மற்றபடி சுகம். எழுதச் சொன்னவர் என் வீட்டுக்காரர் மாரிமுத்து. "நீ சொல்லிச் சொல்லி எனக்குக் காது புளிச்சுப்போச்சு. எழுதிப்புடு. மத்தவங்களும் கொஞ்சம் கேக்கட்டும்" என்றார். கேளுங்கள்.

இலங்கை மலையகத்தில், கொட்டகலைப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டம் எங்களுடையது. பெயர் வேண்டாம், பெயர் போட்டால் இன்னும் நாலு பேருக்கு ரோஷம் வரும். அங்கே நான் புள்ளைக் காம்பராவில் வேலை செய்தேன். கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் காலையில் கைப்பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டுப்போகும் இடம் அது. தொட்டில் ஆட்டுவது, மாவு கரைத்துப் புகட்டுவது, மூக்குத் துடைப்பது, ஒன்று அழுதால் எல்லாம் அழும், அத்தனையையும் சேர்த்துச் சமாதானம் செய்வது. சாதாரண தரப் பரீட்சை வரை படித்தவளுக்கு இதுவா வேலை என்று கேட்டவர்கள் உண்டு. எனக்கு அந்த வேலைதான் பிடித்தது. என் மகள் தர்ஷினியும் அந்தத் தொட்டிலில்தான் வளர்ந்தாள்.

இரண்டாயிரம் பிறந்து சில வருஷம் கழித்து ஒரு மழைக்காலத்தில் இருமல் தொடங்கியது. தோட்டத்து மருந்துக் காம்பராவுக்குப் போனேன். அங்கே இருப்பவரை நாங்கள் டிஸ்பென்சர் ஐயா என்போம். அவர் டொக்டர் இல்லை, ஆனால் எங்களுக்கு அவர்தான் டொக்டர். "மழக்கி எல்லாருக்கும் இருமல்தான்" என்று ஒரு பாணி மருந்து கொடுத்தார். அடுத்த முறையும் அதே பாணி. பாவாடை இடுப்பில் நிற்காமல் நழுவ ஆரம்பித்தது. ஒருநாள் துப்பிய சளியில் இரத்தம் இருந்தது. மாரிமுத்து அன்றைக்கே வேலையைப் போட்டுவிட்டு என்னை பஸ்ஸில் ஏற்றி டவுன் கிளினிக்குக்குக் கூட்டிப்போனார்.

கிளினிக்கில் நெஞ்சைப் படமெடுத்தார்கள். ஒரு சின்னக் குப்பியைக் கொடுத்து, காலையில் எழுந்ததும் வாய் கொப்பளிக்காமல், அடிநெஞ்சிலிருந்து இருமித் துப்பிக் கொண்டுவரச் சொன்னார்கள். எச்சில் வேண்டாம், சளிதான் வேண்டும் என்று இரண்டு முறை சொன்னார்கள். கொண்டுபோய்க் கொடுத்தேன். அதைக் கண்ணாடியில் தடவி, சாயம் ஊற்றி, பெரிதாக்கிக் காட்டும் கருவியில் பார்ப்பார்கள். காசநோய்க் கிருமி இருந்தால் சிவப்புக் குச்சிகளாகத் தெரியுமாம். என் சளியில் தெரிந்தது. அந்த முதல் குப்பியை மறந்துவிடாதீர்கள். ஒரு மாத்திரையும் வாயில் போடுவதற்கு முன்னால் நான் துப்பிய சளி அது.

நாலு வகை மருந்து எழுதினார்கள். மாதக்கணக்கில் குடிக்க வேண்டும். கொஞ்சம் சுகமானதும் நிறுத்திவிட்டால் மிச்சமிருக்கும் கிருமி மருந்துக்குப் பழகிவிடும், பிறகு அந்த மருந்து வேலை செய்யாது என்று விளக்கினார்கள். அதனால் இதை வீட்டுக்குக் கொடுத்துவிடுவதில்லை. பொறுப்பான ஒருவர் கண்ணெதிரே தினமும் விழுங்க வேண்டும். எங்களுக்கு அந்தப் பொறுப்பானவர் டிஸ்பென்சர் ஐயா.

சளியில் கிருமி போகும்வரை புள்ளைக் காம்பராப் பக்கம் வரக்கூடாது என்றார்கள். அது நியாயம். அதில் எனக்குக் கோபமே இல்லை, பிள்ளைகளுக்கு ஒட்டிவிட்டால் யார் பதில் சொல்வது.

கோபம் வந்தது வேறிடத்தில். டிஸ்பென்சர் ஐயாவுக்குக் காலையில் எனக்காக எழுந்து வரச் சோம்பல். அவர் மருந்துப் பொட்டலத்தைச் சுப்பையா கங்காணி கையில் கொடுத்துவிட்டார். "பெரட்டுல வச்சிக் குடுத்துடு" என்றார். விடிந்ததும் தோட்டத்து ஆட்கள் எல்லாரும் களத்தில் கூடி நிற்க, பேர் வாசித்து, யார் எந்த மலைக்கு என்று பிரித்து அனுப்புவதுதான் பெரட்டு. அந்தக் கூட்டத்துக்கு நடுவில் நான் மாத்திரை விழுங்க வேண்டும். எனக்கு என்ன நோய் என்பது அன்றைக்கே தோட்டம் முழுக்கத் தெரிந்துபோனது.

சுப்பையா கங்காணி எனக்கு மாமா முறை. கெட்டவர் இல்லை. கொடுத்த வேலையைக் குறைவைக்க மாட்டார். "வாயத் தொற. ஆ சொல்லு. நாக்கத் தூக்கு" என்பார். குனிந்து இரண்டு பக்கமும் பார்ப்பார். முதுகில் கூடையும் இடுப்பில் படங்குச் சாக்கும் கட்டிய பெண்கள் சுற்றி நின்று பார்ப்பார்கள். "சரோஜாக்காவுக்குத் தெனமும் பெரசாதம்" என்று ஒருத்தி சிரித்தாள். நானும் சிரித்தேன், வேறென்ன செய்வது. மழையிலும் பனியிலும் காய்ச்சலிலும் போய் நின்றேன். வயிற்றைப் புரட்டும், வாயைப் பொத்திக்கொண்டு விழுங்குவேன். அந்த மருந்தில் ஒன்று மூத்திரத்தை ஆரஞ்சு நிறமாக்கிவிடும். ஒட்டி ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகள்தான் லயம், எங்கள் லயத்துக்கு ஒரே கக்கூஸ். வரிசையாக எல்லாக் காம்பராக்காரர்களும் வந்து, "ஏன் சரோஜா, தண்ணி ஊத்த மாட்டியா" என்று ஏசினார்கள். இதைவிடச் சாட்சி உலகத்தில் யாருக்குக் கிடைக்கும், சொல்லுங்கள்.

மாதங்கள் போயின. இருமல் போகவில்லை, எடை ஏறவில்லை. திரும்பவும் சளியைப் பார்த்தார்கள். சிவப்புக் குச்சிகள் அப்படியே இருந்தன. ரயிலேறிப் போக வேண்டிய ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள்.

அங்கே வெளியில் உட்கார ஒரு நீள வாங்கு. எல்லாரும் வாயைத் துணியால் மூடிக்கொண்டு இருமிக்கொண்டிருந்தோம். பேர் கூப்பிட்டால் எழுந்து போவது, படமெடுப்பது, இரத்தம் கொடுப்பது, திரும்ப வந்து உட்காருவது. கடைசியில் ஒரு பெண் டொக்டர் பார்த்தார். யாழ்ப்பாணத்துக்காரர். தமிழ் பேசுகிற டொக்டர் கிடைத்ததே என்று எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். அவர் என் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "எத்தினை நாள் மருந்தை விட்டனீங்கள்?" என்று கேட்டார்.

"ஒரு நாளும் விடலைங்க."

"உண்மையைச் சொல்லுங்கோ. உங்கட தோட்டத்து ஆக்கள் இருமல் குறைஞ்ச உடன மருந்தை எறிஞ்சுபோடுவினம். நான் எத்தினை பேரைப் பாத்திட்டன்."

"எத்தன பேரப் பாத்தீங்களோ, என்னயப் பாக்கலைங்க" என்றேன். குரல் கூடிவிட்டது. பக்கத்தில் நின்ற நர்ஸ் மிஸ்ஸி என் தோளில் கை வைத்தாள். தோட்டத்துக்கு டெலிபோன் கோல் எடுத்துக் கேட்கிறேன் என்றார் டொக்டர். நல்லது, கேளுங்கள் என்றேன். எனக்கென்ன பயம், களம் முழுக்க எனக்குச் சாட்சி என்று நினைத்தேன். மடச்சி.

டிஸ்பென்சர் ஐயா என்ன சொல்லியிருப்பார் என்று நினைக்கிறீர்கள். கங்காணியிடம் கொடுத்தேன் என்றால் அவர் வேலைக்கு ஆபத்து. "நான்தான் குடுத்தேன். என் கண்ணு முன்னாலதான் வாயில போட்டா. நாக்குக்கு அடியில வச்சு வீட்டுக்குக் கொண்டுபோயித் துப்பியிருப்பா" என்று சொல்லிவிட்டார். தோட்டத்து ஆபீசில் சுப்பையா கங்காணியைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். மாரிமுத்து அதற்கு முதல் நாளே போய் உண்மையைச் சொல்லும்படி அவர் காலைப் பிடிக்காத குறையாகக் கேட்டிருந்தார். "பாப்போம் மாப்ள" என்றாராம். ஆபீசில் போய், "எனக்குத் தெரியாதுங்க. நான் பேர் வாசிக்கிறதோட சரி" என்றாராம்.

என்னை ஆஸ்பத்திரியிலேயே சேர்த்திருந்தார்கள். அந்த வார்ட்டில் பார்க்க வருகிறவர்களை உள்ளே விட மாட்டார்கள். கம்பிவலை போட்ட ஜன்னலுக்கு அந்தப்பக்கம் நின்று பேசலாம். மாரிமுத்து அங்கே நின்று இதை என்னிடம் சொன்னார். சொல்லி முடித்துவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "கோவிச்சுக்காத சரோஜா. நெசமா நீ எல்லாத்தையும் முழுங்குனியா?"

நோய் வந்ததுகூட எனக்கு அப்படி வலிக்கவில்லை. கட்டிலில் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டேன். அவர் வெகுநேரம் நின்றுவிட்டு, கொண்டுவந்த ரொட்டியையும் இடித்த தேங்காய்ச் சம்பலையும் மிஸ்ஸியிடம் கொடுத்துவிட்டுப் போனார். பசித்தது, சாப்பிட்டேன். அழுதுகொண்டே சாப்பிட்டேன்.

என் கிருமிக்கு எந்த மருந்து பிடிக்கும் என்று பார்க்கச் சளியை வளர்த்துப் பார்த்தார்கள். மற்றக் கிருமிகள் ஓரிரு நாளில் வளர்ந்துவிடுமாம். காசநோய்க் கிருமிக்கு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு மருந்தோடு சேர்த்து வளர்த்து, எது அதைக் கொல்கிறது என்று பார்க்க இன்னும் வாரங்கள். முடிவில் சொன்னார்கள்: நான் குடித்த நாலு மருந்தில் முக்கியமான இரண்டும் என் கிருமியை ஒன்றும் செய்யாது. இப்படிப் பார்க்கும் பரிசோதனையை முதல் நாளிலேயே செய்யக்கூடாதா என்று கேட்டேன். அது எல்லாருக்கும் செய்வதில்லையாம், மருந்து பலிக்காமல் போனவர்களுக்குத்தானாம். பலிக்காமல் போவதற்குள் என் வலது நுரையீரலில் பாதி போய்விட்டது. அதற்கும் காரணம் நானாம், நான் துப்பியதால்தான் கிருமி மருந்துக்குப் பழகியதாம்.

புது மருந்து தொடங்கினார்கள். தினமும் இடுப்பில் ஊசி. உட்காரவும் முடியாது, படுக்கவும் முடியாது. அந்த ஊசி நோயைக் கொன்றது, கூடவே என் காதையும் தின்றது. முதலில் கொசு பாடுகிற மாதிரி ஒரு சத்தம், அது இன்றைக்கும் நிற்கவில்லை. மாத்திரைகள் வேறு, கைநிறைய. குடித்த கையோடு வாந்தி வரும். வாந்தியை அடக்கிக்கொண்டு கட்டிலின் சட்டத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு இருப்பேன், வாந்தி எடுத்தால் அதற்கும் துப்பிவிட்டாள் என்று சொல்வார்களே.

என்னோடு இதே மருந்து குடித்த மற்றப் பெண்களை ஊசி முடிந்ததும் வீட்டுக்கு அனுப்பினார்கள். மிச்ச மாத்திரையை ஊர்க் கிளினிக்கில் குடிக்கலாம் என்றார்கள். என்னை அனுப்பவில்லை. நம்ப முடியாதவளாம். மருந்து முடியும்வரை அந்தக் கட்டில்தான், அந்த ஜன்னல்தான். ஒவ்வொரு வேளையும் என் வாய்க்குள் டோர்ச் அடித்துப் பார்த்தார்கள். தர்ஷினிக்கு முன்பல் விழுந்து முளைத்ததை மாரிமுத்து சொல்லித்தான் அறிந்தேன்.

அவரைப் பற்றியும் சொல்ல வேண்டும், இல்லையென்றால் பாவம். அந்த ஒரு கேள்வியைக் கேட்ட பிறகு அவர் திரும்ப அதைக் கேட்கவே இல்லை. வரும்போதெல்லாம் பிளாஸ்கில் எங்கள் தோட்டத்துத் தேத்தண்ணி கொண்டுவருவார். பாதியை எனக்கு உள்ளே கொடுத்தனுப்பிவிட்டு, மிச்சத்தை மூடியில் ஊற்றிக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே நிற்பார். நான் குடிக்கத் தொடங்கினால்தான் அவரும் குடிப்பார். எனக்குக் கோபம் தீரவில்லை, ஆனாலும் அவர் வரும் நாளில் தலையை வாரிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். சிங்கள மிஸ்ஸி ஒருத்தி அதைப் பார்த்துவிட்டுத் தன் வீட்டிலிருந்து எனக்கு ஒரு ரிப்பன் கொண்டுவந்தாள். "நீ துப்புற ஆள் இல்ல" என்று உடைந்த தமிழில் சொன்னவளும் அவள்தான்.

ஒருவழியாகச் சளியில் கிருமி இல்லை என்றார்கள். வீட்டுக்கு வந்தேன். தோட்டத்து ஆபீசுக்குப் போய், எனக்குப் புள்ளைக் காம்பரா வேலையைத் திரும்பக் கொடுங்கள் என்று கேட்டேன். கிளாக்கர் ஐயா தலையைத் தூக்கவே இல்லை. "மருந்தையே ஒழுங்கா குடிக்காதவகிட்ட புள்ளைங்கள விட முடியுமா? வேணும்னா கொழுந்துக்குப் போ" என்றார். அரை நுரையீரல் போன பிறகு மலையேறிக் கொழுந்தெடுக்கவா. களத்தில் நின்று என் வாயைப் பார்த்த அதே பெண்கள், நான் வழியில் வந்தால் பிள்ளையை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டார்கள். லயத்துக் காம்பராவிலேயே கிடந்தேன். அப்படியே வருஷம் போனது, அதற்கு மேலும் போனது.

இரண்டாயிரத்துப் பத்து பிறக்கும் தறுவாயில், வழக்கமான சோதனைக்காகப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனபோது யாழ்ப்பாண டொக்டர் என்னை உள்ளே கூப்பிட்டு, நான் உட்காரக் கதிரையை அவரே இழுத்துப் போட்டார். அவருக்கு அப்போது கண்ணாடி வந்திருந்தது.

"சரோஜா, உங்களிட்ட ஒரு விசயம் சொல்ல வேணும். நீங்கள் முதன்முதல் டவுன் கிளினிக்கில சளி குடுத்தீங்கள் எல்லே. அந்த நேரம் ஒரு ஆய்வுக்கெண்டு புது நோயாளிகளின்ர சளியில கொஞ்சத்தை எடுத்து வளர்த்து உறைய வச்சவை. அதையும், மருந்து பலிக்காமப் போன பிறகு எடுத்த உங்கட சளியையும் வெளிநாட்டுக்கு அனுப்பி, கிருமியின்ர மரபணுவை முழுசா வாசிச்சிருக்கினம்."

"கிருமிய வாசிக்கிறதா?"

"ஓம். ஒவ்வொரு கிருமிக்குள்ளயும் அது எப்பிடி வாழ வேணும் எண்ட எழுத்து இருக்கு. நாலே நாலு எழுத்துத்தான், ஆனா மாறி மாறி நாப்பது லட்சத்துக்கு மேல. கிருமி ரெண்டாப் பிரியேக்க அதைப் பாத்துக் கொப்பி எடுக்கும். எப்பவாவது ஒரு எழுத்துப் பிழைக்கும். மருந்து போய்ப் பிடிக்கிற இடத்தில அந்தப் பிழை விழுந்தா, பிறகு மருந்தால பிடிக்க ஏலாது. இப்ப அந்த எழுத்து முழுக்கவும் வாசிக்கிற மெசின் வந்திட்டுது."

எனக்கு விளங்கியது. வகுப்பில் ஒருத்தனைப் பார்த்து ஒருத்தன் எழுதினால், பிழையும் சேர்ந்தே வரும். அதை வைத்துத்தான் யார் யாரைப் பார்த்து எழுதினான் என்று டீச்சர் கண்டுபிடிப்பார்.

"உங்கட முதல் சளியிலயே அந்தப் பிழையள் இருக்கு" என்றார் டொக்டர். "ரெண்டு மருந்துக்கும். நீங்கள் ஒரு மாத்திரையும் குடிக்க முன்னமே. ரெண்டாவது சளியில புதுப் பிழை ஒண்டும் இல்லை. இன்னொரு நோயாளியின்ர கிருமியிலயும் அச்சொட்டா அதே பிழையள் இருக்கு. நீங்கள் உண்டாக்கினது இல்லை, சரோஜா. மருந்துக்கு மசியாத கிருமிதான் உங்களுக்குத் தொத்தினது. நீங்கள் ஒழுங்கா விழுங்கியிருந்தாலும்..." என்று சொல்லி நிறுத்தினார்.

"விழுங்கியிருந்தாலும் இல்லைங்க. விழுங்கினேன்."

"ஓம். விழுங்கினீங்கள். நான் அண்டைக்கு உங்களை அப்பிடிக் கேட்டிருக்கக் கூடாது. மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

சந்தோஷப்பட்டேன் என்று எழுதினால் பொய். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர்கள் என்னைப் பொய்க்காரி என்று சொன்ன அத்தனை நாளும் என் உண்மை ஏதோ ஒரு குளிர்ப்பெட்டிக்குள் இருந்திருக்கிறது. ஒருத்தருக்கும் எடுத்துப் பார்க்கத் தோன்றவில்லை. என்னை ஒரு வார்த்தை கேட்காமலே என் சளி விமானம் ஏறிப் போயிருக்கிறது. எனக்கு ஓர் அடையாள அட்டை எடுக்க என் அப்பா செருப்புத் தேய அலைந்தார். பிரஜையா இல்லையா, இந்தியாவிலிருந்து தாத்தா எந்தக் கப்பலில் வந்தார் என்று நூறு கேள்வி. என் சளிக்கு அந்தக் கரைச்சல் ஒன்றுமில்லை. இதை எல்லாம் டொக்டர் முகத்துக்கு நேரே சொன்னேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். கேட்டதற்காக அவரை மன்னித்துவிட்டேன்.

அந்த இன்னொரு நோயாளி யார் என்று கேட்டேன். அது தங்களுக்கே தெரியாது, பெயர் இல்லாமல்தான் அனுப்புவார்கள் என்றார். பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவரோ, கடையில் முன்னால் நின்றவரோ. அவருக்கும் யாரோ கொடுத்திருப்பார்கள். அவரையும் எந்த வாங்கில் வைத்து என்ன ஏச்சு ஏசினார்களோ.

டொக்டர் அங்கேயே என் முன்னால் எங்கள் தோட்டத்துத் துரைக்குக் கோல் எடுத்துப் பேசினார். இங்கிலீசில் பேசினார், கொஞ்சம் சூடாகவே பேசினார். வெளியில் வாங்கில் உட்கார்ந்திருந்த மாரிமுத்துவிடம் வந்து நான் விஷயத்தைச் சொன்னேன். பிளாஸ்கைத் திறந்து தேத்தண்ணி ஊற்றினார், என்னையே பார்த்துக்கொண்டு ஊற்றியதில் பாதி தரையில் போனது. "நான் கேட்டிருக்கக் கூடாது புள்ள" என்றார். "கேட்டிருக்கக் கூடாதுதான்" என்றேன். மிச்சத்தை வாங்கிக் குடித்தேன்.

புள்ளைக் காம்பரா வேலை திரும்பக் கிடைத்தது. டிஸ்பென்சர் ஐயா வேறு தோட்டத்துக்கு மாறிப் போனார், அவ்வளவுதான் அவருக்கு. முதல் நாள் பெரட்டில் பேர் கொடுத்துவிட்டுச் சாவி வாங்க வேண்டும். களத்துக்குப் போனேன். அதே ஆட்கள், அதே கூடைகள். சுப்பையா கங்காணி பேர் வாசித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பு.

"வா சரோஜா. என்னமோ வெளிநாட்டுல மிசின்ல போட்டுப் பாத்தாங்களாமே? எதுக்கு அம்புட்டுத் தூரம்? இந்தக் களத்துல நிக்கிற எல்லாத்துக்கும் தெரியுமே, நீ ஒன்னுகூடத் தப்பவுடல. நான்தானே தெனமும் வாயப் பாத்தேன்."

சுற்றி நின்றவர்கள் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள். உண்மையான அன்போடுதான் ஆட்டினார்கள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"அப்ப ஆபீசுல ஏன் மாமா சொல்லல?"

"டிஸ்பென்சர் ஐயாவ எப்புடிம்மா மாட்டிவுடறது? நாளைக்கி ஒரு தலவலின்னா அவருகிட்டதானே போயி நிக்கணும்."

நான் அவருக்குக் கிட்டப் போய் நின்றேன். "வாயத் தொறங்க மாமா" என்றேன்.

"என்னா?"

"தொறங்க. ஆ சொல்லுங்க. நாக்கத் தூக்குங்க."

அவர் சிரிக்கப் பார்த்தார். யாரும் சேர்ந்து சிரிக்கவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு மெதுவாக வாயைத் திறந்தார். வெற்றிலைச் சிவப்பேறிய நாக்கு மேலே எழுந்தது. அவர் எனக்குப் பார்த்த மாதிரியே குனிந்து இரண்டு பக்கமும் பார்த்தேன்.

"நாக்கு இருக்கு மாமா. நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு, அவர் கையிலிருந்து சாவியை வாங்கிக்கொண்டு புள்ளைக் காம்பராவைத் திறக்கப் போனேன்.